வாசகர் கேள்வி–பதில்: ராபின்கள் பெருகிய கதை

கேள்வி: என் பள்ளி நாட்களில் பேட்மேனுக்குத் துணையாக ராபின் என்ற ஒரே ஒரு சிறுவன்தான் இருந்தான். இன்று என் மகள் படிக்கும் இதழ்களில் ராபினாக இருந்தவர்கள் என்று ஐந்து பேர் வருகிறார்கள். பேட்கேர்ள் என்ற பெயருக்கும் மூவர் இருக்கிறார்கள். இத்தனை பேர் எப்படிச் சேர்ந்தார்கள்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: யாரையும் முழுமையாக அனுப்பிவைக்காமல் அடுத்தவரை அழைத்துக்கொண்டே இருந்ததால் சேர்ந்தார்கள். முதல் ராபினான டிக் கிரேசன் 1940-இல், டிடெக்டிவ் காமிக்ஸ் 38-ஆம் இதழில் அறிமுகமானான். சர்க்கஸில் அந்தர வித்தை காட்டிவந்த பெற்றோரைக் குற்றவாளிகளின் சதியில் பறிகொடுத்த சிறுவன் அவன். தனியாகவே துப்புத் துலக்கும் பேட்மேன் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல ஒரு துணை வேண்டும் என்பது எழுத்தாளர் பில் ஃபிங்கரின் தேவையாக இருந்தது. படித்த சிறுவர்களுக்கோ, தங்களையே அந்த இடத்தில் வைத்துப் பார்க்க ஒருவன் கிடைத்தான். விற்பனை ஏறியதைக் கண்டு மற்றவர்களும் அதே வழியில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கியும் கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடியும் துணையாக வந்துசேர்ந்தார்கள்.

அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டிக் பள்ளிப் பையனாகவே இருந்தான். 1964-இல் வேறு நாயகர்களின் சிறுவர் துணைகளான கிட் ஃபிளாஷ், அக்வாலாட் ஆகிய இருவரோடு சேர்ந்து பெரியவர்கள் இல்லாமல் ஒரு சாகசத்தில் இறங்கினான். மறு ஆண்டு அந்தக் கூட்டணிக்கு டீன் டைட்டன்ஸ் என்ற பெயர் அமைந்தது. 1969-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த பேட்மேன் 217-ஆம் இதழில்தான் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டான். 1980-இல் எழுத்தாளர் மார்வ் உல்ஃப்மேனும் ஓவியர் ஜார்ஜ் பெரஸும் டைட்டன்ஸை மறுபடி தொடங்கியபோது, அவன் ஒரு குழுவின் தலைவனாகவும், தன்னை வளர்த்த பேட்மேனோடு மனத்தாங்கல் கொண்ட இளைஞனாகவும் வளர்ந்து நின்றான். 1984-இல் ராபின் உடையைக் கழற்றிவிட்டு நைட்விங் என்ற புதிய பெயரில் தனி நாயகன் ஆனான். ஆனால் பேட்மேன் இதழ்களை நடத்தியவர்களுக்கு ராபின் இல்லாமல் முடியவில்லை. அதனால் 1983-இலேயே ஜேசன் டாட் என்ற சிறுவனைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆள் வளர்ந்து வேறிடம் போகலாம், பெயர் மட்டும் காலியாக இருக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டிலிருந்துதான் இன்றைய கூட்டம் முழுவதும் பிறந்தது.

கேள்வி: ஒரு ராபின் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்மைதான். அந்த ராபின் இப்போது சொன்ன ஜேசன் டாட். முதலில் அவனையும் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்து அநாதையானவனாகவே படைத்திருந்தார்கள். டிக்கின் நகலாகவே அவன் தெரிந்தான். 1987-இல் அவன் கதையை அடியோடு மாற்றி எழுதினார்கள். பேட்மேனின் பெற்றோர் கொல்லப்பட்ட அதே சந்தில் நிறுத்தியிருந்த பேட்மேனின் காரான பேட்மொபைலின் சக்கரங்களை ஒரு தெருச் சிறுவன் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். பிடிக்க வந்த பேட்மேனையே கையிலிருந்த இரும்புக் கம்பியால் தாக்கிவிட்டு ஓடுகிறான். எவ்வளவு வலுவான தொடக்கம்! இருந்தும், முரட்டுத்தனமும் கோபமும் மிகுந்த இந்தச் சிறுவனை வாசகர்களில் பலர் ஏற்கவில்லை.

1988-இல் வந்த பேட்மேன் 427-ஆம் இதழ், பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் வைத்த குண்டு வெடிப்பதோடு முடிந்தது. பின்னட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள் இருந்தன. ஒன்று ஜேசன் பிழைப்பதற்கு, மற்றொன்று சாவதற்கு. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம், 36 மணி நேர அவகாசம். பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகளும், சாகட்டும் என்று 5,343 அழைப்புகளும் வந்தன. வெறும் 72 அழைப்புகள் வித்தியாசத்தில் அவன் கதை முடிந்தது. இரண்டு முடிவுகளுக்கும் பக்கங்கள் தயாராக இருந்தன. அவன் பிழைக்கும் வடிவம் 2023-இல்தான் அச்சேறியது.

ஒரு கதாபாத்திரம் இறந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்புக்கு ஏங்கும் ஒரு முரட்டுச் சிறுவனை எப்படி வளர்த்தெடுப்பது என்பது எழுத்தாளர் விடை தேடியிருக்க வேண்டிய கேள்வி. அதைத் தொலைபேசிக் கணக்கிடம் ஒப்படைத்ததுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அதனால் கூட்டமும் குறையவில்லை. 1989-இல் அறிமுகமான டிம் டிரேக், பேட்மேன் யார் என்பதைத் தானாகவே கண்டுபிடித்து, ‘பேட்மேனுக்கு ஒரு ராபின் தேவை’ என்று அவரிடமே வாதாடி அந்த இடத்துக்கு வந்தான். பழிவாங்கும் வெறி இல்லாமல், கடமை என்று உணர்ந்து வந்த முதல் ராபின் அவனே. ஜேசனும் 2005-இல் ரெட் ஹூட் என்ற பெயரில் உயிரோடு திரும்பிவிட்டான்.

கேள்வி: மார்வெல் நாயகர்களுக்கு ஏன் இப்படிச் சிறுவர் துணைகள் அதிகம் இல்லை?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மார்வெல் இதழ்களை எழுதி நடத்திய ஸ்டான் லீக்குச் சிறுவர் துணைகள் பிடிக்காது. அதனால் 1962-இல் பள்ளி மாணவனான பீட்டர் பார்க்கரை, அதாவது ஸ்பைடர்மேனை, யாருக்கும் துணையாக வைக்காமல் நேரடியாக நாயகனாக்கினார். 1964-இல் கேப்டன் அமெரிக்கா திரும்பிவந்தபோது, பக்கி போர்க்காலத்திலேயே இறந்துவிட்டான் என்று கதையை அமைத்தார். 2005-இல் பக்கியும் விண்டர் சோல்ஜராகத் திரும்பினான்.

கேள்வி: பேட்மேனுக்கு வயது ஏறுவதில்லை, சிறுவர்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறார்கள். இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டால் என்ன?
— ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: கணக்கு ஒத்துவராது. அதை நேர்செய்ய முயன்றபோதெல்லாம் கதைதான் அடிபட்டது. 2011-இல் பேட்மேன் இதழ்களை வெளியிடும் டிசி நிறுவனம் தன் இதழ்களை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியபோது, நாயகர்கள் வெளிப்பட்டு ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகள்தான் ஆயின என்று வைத்துக்கொண்டது. ஆனால் டிக், ஜேசன், டிம், பேட்மேனின் சொந்த மகனான டேமியன் ஆகிய நால்வரில் ஒருவரையும் விட மனம் வரவில்லை. நால்வரின் வரவும் பயிற்சியும் பிரிவும் அந்தக் குறுகிய காலத்துக்குள் திணிக்கப்பட்டன. அதற்கு முன் பேட்கேர்ள்களாக இருந்த ஸ்டெஃபனி பிரவுனும் கசாண்ட்ரா கெய்னும் சில ஆண்டுகள் அந்தக் கதையுலகிலேயே காணாமல் போனார்கள்.

ஆனாலும் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பேட்மேன் மாற முடியாதவர். அவருடைய துயரம் தீர்ந்தால் இதழே நின்றுவிடும். அந்த உலகில் உண்மையாக வளரவும், தவறிழைக்கவும், வீட்டை விட்டுப் போகவும் முடிந்தவர்கள் இளையவர்கள் மட்டுமே. எண்ணிக்கையால் கெடுதல் இல்லை. ஒருவரை அழைத்துவந்த பிறகு அவருக்கென்று ஒரு வேலையும் மதிப்பும் தராமல் விடுவதில்தான் கெடுதல் இருக்கிறது.

ஸ்டெஃபனிக்கு நடந்ததைப் பாருங்கள். 2004-இல் அவள் ராபின் ஆனாள். சில இதழ்களிலேயே பேட்மேன் அவளை விலக்கினார். அதே ஆண்டு அவள் சித்திரவதைப்பட்டு இறந்ததாகக் கதை போனது. ஜேசனின் உடை பேட்மேனின் குகையில் கண்ணாடிப் பேழைக்குள் நினைவாக வைக்கப்பட்டிருந்தது. ஸ்டெஃபனிக்கு அப்படி எதுவும் வைக்கப்படவில்லை. அவளுக்கு ஏன் ஒரு பேழை இல்லை என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள், அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். 2008-இல் அவள் உயிரோடு திரும்பினாள், மறு ஆண்டு பேட்கேர்ள் ஆனாள்.

இதற்கு நேர்மாறாக, பொறுப்போடு செய்த வேலைகளும் உண்டு. 1988-இல் சுடப்பட்டு நடக்க முடியாமல் போன முதல் பேட்கேர்ள் பார்பரா கார்டனை, மறு ஆண்டே எழுத்தாளர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் ஆரக்கிள் என்ற புதிய நாயகி ஆக்கினார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நாயகர்கள் அனைவருக்கும் தகவல் திரட்டித் தரும் மூளையாக அவர் மாறினார். நைட்விங்குக்கு 1996-இல் சொந்தத் தொடரும் புளூட்ஹேவன் என்ற தனி ஊரும் கிடைத்தன. இவற்றில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது பேட்மேன் குழுவில் பின்னர் சேர்ந்த டியூக் தாமஸ் என்ற இளைஞனுக்குச் செய்த ஏற்பாடு. குழுவில் மற்ற எல்லாரும் இரவில் உலவுகிறார்கள். ஒளியைக் கையாளும் ஆற்றல் பெற்ற டியூக்கிடம் பேட்மேன் காத்தம் நகரத்தின் பகல் பொழுதை ஒப்படைத்தார். நெரிசலான ஒரு குடும்பத்தில் வேறு எவர் இடத்தையும் பறிக்காமல் ஒருவனுக்கு இடம் தர இதைவிட நல்ல வழியை நான் படித்ததில்லை. 2018-இல் அதற்காகவே வந்த குறுந்தொடர் மூன்று இதழ்களோடு முடிந்துவிட்டது. அந்தப் பகல் நேரக் காத்தமைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது.