சைக்கிள் பிரேம் கட்ட வெல்டிங் மெஷின் முதலில் வேண்டுமா?

கேள்வி: என் உயரத்துக்குத் தோதான சைக்கிள் கடையில் கிடைப்பதில்லை. வீட்டிலேயே பிரேம் கட்டிப் பார்க்கலாம் என்று 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 200 என்ற எண் விற்பவருக்குத்தான் பயன்படும். சைக்கிள் குழாயின் சுவர் பெரும்பாலும் 0.9 முதல் 1.2 மி.மீ. கனம்தான். கம்பி வெல்டிங்கில் 50, 60 ஆம்பியரைத் தாண்டினாலே அதில் ஓட்டை விழுந்துவிடும். அந்த 200 ஆம்பியரையும் உண்மையிலேயே இழுத்தால் வீட்டு 16 ஆம்பியர் பிளக் தாங்காது. பழகாத கை போட்ட வெல்டிங் ஹேண்டில் பக்கத்துக் குழாயில் விட்டுப் போனால் முதலில் தரையில் மோதுவது உங்கள் முகம்.

மெல்லிய குழாய்க்கு ஏற்றது பித்தளை வைத்துப் பற்றவைப்பது. எஃகு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பித்தளைக் கம்பி 900 டிகிரி அளவிலேயே ஓடிவிடும். குழாய் உருகாது, ஓட்டை விழாது. இதற்கான கேஸ் சிலிண்டரையும் டார்ச்சையும் வீட்டில் வாங்கி வைக்க வேண்டியதில்லை. குழாய்களை நீங்களே வெட்டிப் பொருத்திக்கொண்டு, பித்தளை வெல்டிங் தெரிந்த கேஸ் பட்டறைக்குப் போய்க் கூலி கொடுத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பாதித் தொழிலையும் கற்றுக்கொள்ளலாம். சமையல் சிலிண்டரை டார்ச்சில் மாட்டும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஆபத்து ஒருபுறம் இருக்க, வீட்டு இணைப்புச் சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல்.

பணத்தைப் போட வேண்டிய இடம் பொருத்தும் கருவிகள். 5 அங்குல வைஸ், 10 அங்குல அரைவட்ட அரம் இரண்டு (ஒன்று முரடு, ஒன்று நடுத்தரம்), ஹாக்ஸா, வெர்னியர், கோணமானி. ஹாக்ஸா பிளேடு கேட்டால் கடைக்காரர் கைக்கு வருவதைத்தான் எடுத்துத் தருவார். அங்குலத்துக்கு 32 பல் என்று சொல்லி வாங்குங்கள். 18 பல் பிளேடு மெல்லிய சுவரில் சிக்கி, பல் உதிர்ந்துவிடும். அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்திருக்கும் கடையையும் தவிர்த்துவிடுங்கள். உரசி உரசியே பாதி மழுங்கியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மழுங்கிய பல்லின் நுனி வெள்ளையாக மின்னும்.

குழாயை நேராக வைஸில் இறுக்கினால் முட்டையாக நசுங்கும். ஒரு மரக்கட்டையில் 28.6 மி.மீ. குழாய்க்கு 1⅛ அங்குலத் துளை போட்டு, துளையின் நடுவே கட்டையை இரண்டாக அறுங்கள். அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவே குழாயை வைத்து இறுக்கினால் கீறல்கூட விழாது. அடுத்து, குழாயின் மேல் ஓர் எல்-ஆங்கிளைக் கவிழ்த்து, அதன் ஓரமாக முழு நீளத்துக்கும் கோடு கிழியுங்கள். அடுத்த குழாயின் வளைவில் உட்காரும்படி இரு முனைகளிலும் அரத்தால் போடும் குடைவு இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அமைய வேண்டும். இல்லையென்றால் பிரேம் முறுக்கிக்கொள்ளும்.

பிறகு பொறுமை. அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் துகள் பல்லில் அடைக்காது. தள்ளும்போதுதான் அரம் வெட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். குடைந்த வாயை மற்றொரு குழாயின் முதுகில் உட்காரவைத்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தால் இன்னும் பத்துத் தள்ளு. பித்தளை மெல்லிய இடுக்கில் தானே ஏறும் இயல்புள்ளது, பள்ளத்தை நிரப்பும் சிமெண்டு அல்ல.

கட்டி முடித்த பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர அச்சு மாட்டும் ஒரு தகட்டில் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து எதிர்த் தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் வெர்னியரால் அளந்தால் கோணல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

முதல் வேலையாகப் பிரேமில் கைவைக்காமல் ஒரு கேரியர் செய்து பாருங்கள். கேரியர் உடைந்தால் போவது காய்கறிப் பை மட்டும்.

கேள்வி: பிளம்பிங் கடையில் ஜி.ஐ. பைப் மலிவாகக் கிடைக்கிறது. இன்னொரு கடையில் “கிரோமோலி” என்று சொல்லி மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பில் கிடையாதாம். எதை வாங்குவது?
– திருச்சி வாசகி

பதில்: இரண்டையும் வேண்டாம் என்பேன். ஜி.ஐ. பைப்பின் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். வெல்லம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். வெல்லம் தொண்டையோடு சரி, நுரையீரலுக்குள் போவதில்லை.

கிரோமோலி என்பது ஏறக்குறைய ஒரு சதவீதம் குரோமியமும் சிறிது மாலிப்டினமும் கலந்த எஃகு. கனமும் விட்டமும் ஒன்றாக இருந்தால் சாதாரண எஃகுக் குழாயும் அதே எடைதான் இருக்கும், காந்தமும் இரண்டிலும் ஒட்டும். ஆகவே பார்வையால் கண்டுபிடிக்க வழியில்லை. ஆலையின் சோதனைச் சான்றிதழ் நகலும் பில்லும் தராதவரிடம் மூன்று மடங்கு கொடுப்பது நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை. முதல் பிரேமுக்குத் துத்தநாகப் பூச்சில்லாத, நாற்காலி செய்யும் கறுப்புக் குழாயே போதும். கனத்தை மட்டும் சமையலறைத் தராசில் சோதித்துக்கொள்ளலாம். 28.6 மி.மீ. விட்டக் குழாய் ஒரு மீட்டர் வாங்கினால், 0.9 மி.மீ. சுவர் என்றால் 615 கிராம் அளவில் இருக்கும். ஒரு கிலோவைத் தாண்டினால் சுவர் 1.6 மி.மீ. என்று பொருள், சைக்கிள் மிதிக்கக் கனமாகிவிடும்.

கேள்வி: பெடல் அச்சு உட்காரும் பி.பி. ஷெல்லில் மறை போட ஆன்லைனில் டேப் (மறை வெட்டும் கருவி) செட் வாங்கினேன். ஒரு டேப் வலமறை, ஒரு டேப் இடமறை என்று விளம்பரத்தில் இருந்தது. வந்த இரண்டுமே வலமறை. பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்று திருப்பி எடுக்க மறுக்கிறார் விற்பவர்.
– மதுரை வாசகர்

பதில்: பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று அவரையே கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், நாளைக்கே அதை மாற்றிவிடலாம். டேப்களின் மறை தெரியும்படி பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு புகைப்படமும் எடுங்கள். இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்பவர் ஊருக்குப் போக வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

பணம் திரும்பி வந்ததும் இன்னொரு டேப் செட் மட்டும் வாங்காதீர்கள். வருடத்துக்கு ஒரு ஷெல்லுக்கு மறை போட அவ்வளவு பணம் எதற்கு? மறை போட்ட ஷெல்லாகவே வாங்கலாம், அல்லது பழைய இரும்புக்கடைப் பிரேமிலிருந்து அறுத்தெடுக்கலாம். 68 மி.மீ. அகலம் இருந்தால் அநேகமாகப் பி.எஸ்.ஏ. என்னும் ஆங்கிலேய அளவு மறைதான். அச்சைத் தாங்கும் கப் செயின் பக்கம் இடமறை, மறுபக்கம் வலமறை. கழற்றும்போது இதை மறந்துதான் பலரும் ஸ்பேனரை உடைக்கிறார்கள்.

கேள்வி: காயலான் கடையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் டிஸ்க் பத்து, பாதி விலைக்குத் தருகிறார்கள். நல்லதா?
– வேலூர் வாசகர்

பதில்: டிஸ்க்கின் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதம், வருடம் பொறித்திருக்கும். ஈரம் பட்ட, நாள் கடந்த டிஸ்க் சுழலும்போது சிதறும். வளையத்தில் தேதி இல்லையென்றாலோ, கடந்துபோயிருந்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறீர்களா? அதையும் முதலில் மாட்டுங்கள்.