டிக்கி பொம்மை (பசிபிக் தீவுகளின் மனித உருவ மரச் சிலை) செதுக்கிப் பழக பச்சைக் கட்டை நல்லதா, காய்ந்த கட்டையா?

முதல் பொம்மைக்குப் பச்சைக் கட்டையே எடுங்கள். உளி சுலபமாக இறங்கும். காயும்போது வெடிக்கும் என்பது உண்மைதான். மரம் அதன் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் முழு உருளைக் கட்டை எங்காவது பிளந்தே தீரும். இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் வையுங்கள், பிளவு குறையும். முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் டிக்கிக்கு அது அழகுதான்!

அமெரிக்காவில் பலர் பனை வகை மரத்தில் செதுக்குகிறார்கள். அதற்கு ஆண்டு வளையமே கிடையாது. தென்னை மாதிரி வெளியே இரும்பு, உள்ளே நார். ஆழமாகப் போனால் பிய்ந்துகொண்டு வரும். கற்றுக்கொள்ள வேறு மரம் பாருங்கள்.

முகத்தில் மூக்குதான் மேடு. அதை முதலில் காப்பாற்ற வேண்டும். புருவத்துக்குக் கீழேயும் மூக்குக்கு அடியிலும் ரம்பத்தால் குறுக்கே ஓர் அங்குல ஆழம் அறுத்துக்கொண்டு, அந்த வெட்டை நோக்கி உளியை ஓட்டுங்கள். சில்லு அங்கேயே நின்றுவிடும், மூக்கு பெயராது. நான் வெட்டுப் போடாமல் அடித்து, மூக்கில்லாத ஒரு டிக்கி வீட்டில் நிற்கிறது.

தலை, உடல் அளவுகளுக்குப் பசிபிக் கடலில் உள்ள மார்க்கெசாஸ் தீவுகளின் பழைய சிலைகளைப் பாருங்கள்: பெரிய தலை, வட்டக் கண், வயிற்றில் வைத்த கைகள். அங்கே அவை முன்னோர், தெய்வ உருவங்கள். பல்லைக் காட்டும் மதுக்கடை டிக்கி 1930களுக்குப் பின் கலிபோர்னியாவில் வளர்ந்த வேறு கதை.