ஒரு கைப்பிடி எத்தனை கிராம்? யாழ்ப்பாணச் சமையல் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு சமையல் பயிற்சி நெறியில் போதனாசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊர்ச் சாப்பாடு, சமையல் படிப்பு, எது பற்றியும் கேளுங்கள் என்றேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, நான் வைக்கிற ஒடியல் கூழ் ஒவ்வொரு முறையும் கசக்குது. அம்மம்மா வைத்தது கசந்ததே இல்லை. (கொக்குவில்)

தங்கச்சி, மாவை ஊறவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினீங்களா? ஒடியல் என்பது பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து வெயிலில் காயவைத்தது, அதனால் கசப்பு மாவிலும் அப்படியே இருக்கும். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், வேறு சாமான். ஆறு பேருக்கு நான் 150 கிராம் மா எடுப்பேன். அகலமான சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து அரை மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள், மா அடியில் படிந்து மேலே கலங்கல் நிற்கும். அதை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு தரம், கசப்புக் கூடின மா என்றால் மூன்று தரம். மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் வெந்த பிறகுதான் கரைத்த மாவும், அரைத்த செத்தல் மிளகாயும், பழப்புளியும். அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள், விட்டால் கட்டிபடும். ஆற ஆறத் தடிக்கும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும். பிறகு பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி அதில் குடியுங்கள், கோப்பையில் குடித்தால் எனக்குக் கூழ் குடித்த மாதிரியே இல்லை.

கறித்தூளுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கலாமா? (சுன்னாகம்)

வேண்டாம். மல்லி சிவக்க எடுக்கும் நேரத்தில் சீரகம் கருகிவிடும். தனித்தனியாக, மெல்லிய நெருப்பில் வறுங்கள். வெந்தயத்தில் மட்டும் கண் வையுங்கள், கொஞ்சம் கூட வறுபட்டாலும் முழுத் தூளும் கசக்கும். என் அளவு: செத்தல் அரைக் கிலோ, மல்லி அரைக் கிலோ, பெருஞ்சீரகம் 100 கிராம், சின்னச்சீரகமும் மிளகும் தலா 50, வெந்தயம் 25, கறிவேப்பிலை, மஞ்சள். உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் அதுவும் சரிதான்.

மிளகாய் எங்கள் பாரம்பரியமே இல்லை என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619இல். மரவள்ளியும் அந்தக் கண்டத்துக் கிழங்குதான். அதற்கு முதல் எங்கள் ஆட்களுக்கு உறைப்பு என்றால் மிளகு. ஆனால் வந்த மிளகாயை எப்படி வறுப்பது, எதோடு சேர்ப்பது என்று எத்தனையோ தலைமுறை கைகள் கண்டுபிடித்த பக்குவம் எங்களுடையது. அதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

உயர்தரம் முடித்துவிட்டேன். சமையல் படிக்க ஆசை, வீட்டில் விருப்பமில்லை. படிப்பு எப்படி இருக்கும்? (சாவகச்சேரி)

தம்பி, கால்கடுக்க நிற்கிற படிப்பு இது. முதல் கிழமைகளில் கத்தி பிடிக்கவும், வெங்காயம், கரட் வெட்டவும்தான் பழக்குவோம், கறி வைக்க விடமாட்டோம். நகம், தலைமுடி, ஏப்ரன் எல்லாம் ஒவ்வொரு நாளும் பார்ப்போம். சமைத்த சாப்பாட்டை 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் நெடுநேரம் வைத்தால் கிருமி பெருகும் என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருந்தால் வெளியூரிலும் மதிப்பு இருக்கும், அதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் வெள்ளைக்காரர் சோஸ் எல்லாம் கிராம் கணக்கில் படிப்பிக்கிறீர்கள். எங்கள் தேங்காய்ப்பால் சொதிக்கு ஏன் அப்படி ஒரு கணக்கு இல்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். கணக்கு இருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு முறை பிள்ளைகளிடம் சின்னத் தராசைக் கொடுத்து, வீட்டில் மூத்தவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு கைப்பிடியையும் நிறுத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன். ஒரு பிள்ளையின் அம்மம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கூழுக்கு அரிசி போட மூன்று தரம் பானைக்குள் கைவிட்டு அள்ளினாராம். 41 கிராம், 42 கிராம், திரும்பவும் 41. அந்தக் கொப்பியை எனக்குக் காட்டும்போது பிள்ளையின் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். கண்ணளவு, கைப்பக்குவம் என்று சொல்லி நாங்கள் விட்டுவிடுவதெல்லாம் இப்படித் துல்லியமான அறிவு. அந்தக் கை இருக்கும்போதே போய் நிறுத்து எழுதுங்கள், இந்தச் சனிக்கிழமையே போங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பயிற்சிச் சமையலறையில் மீன், இறைச்சி உண்டா?

எங்கள் வகுப்பில் இல்லை. அந்த நாட்களில் வறை, பால்கறி, பொரிச்ச குழம்பு, சொதி என்று மரக்கறியை ஆழமாகப் படிப்போம்.

நீத்துப்பெட்டியில் (பனையோலையில் பின்னின, புட்டு அவிக்கிற பெட்டி) புட்டு அவித்தால் ஓலை மணக்குது, என்ன செய்ய?

புதுப் பெட்டியை முதலில் பத்து நிமிடம் வெறுமனே ஆவியில் வைத்துக் கழுவிக் காயவிடுங்கள், குறையும். எனக்கு அந்த மணம் பிடிக்கும், நான் குறைக்கிறதில்லை.