பழைய இரும்பு பைப்பை மாற்றப்போகிறீர்களா? கேள்வி பதில்

தலவாக்கலை: அண்ணா, காலையில் பைப்பைத் திறந்ததும் தண்ணி பழுப்பாக வருகிறது. தாங்கியைக் கழுவியும் மாறவில்லை.

பதில்: தாங்கியில் குற்றமில்லை தங்கச்சி. இரவெல்லாம் பைப்பில் தேங்கிய தண்ணிதான் துருவோடு வருகிறது. ஜீ.ஐ. பைப்பில் பூசிய துத்தநாகம் தேய்ந்துபோனால் இரும்பை அரிப்பு பிடித்துவிடும். போன மாதம் ஒரு பழைய துரை பங்களாவில் அரை அங்குல பைப்பை அறுத்துப் பார்த்தேன். உள்ளே செம்மண் கட்டிபோல் துரு, ஒரு பென்சில்கூட நுழையவில்லை. ஒரு துண்டை மட்டும் மாற்றலாம் என்று ரென்ச் போட்டால் பக்கத்துப் புரியும் உடைந்து கையோடு வரும். முழு லைனையும் மாற்றுங்கள். ஆனால் வெட்டுமுன், அந்த பைப்பில் எர்த் வயர், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பி, கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் தண்ணி பைப்தான் எர்த். பிளாஸ்டிக் போட்டதும் எர்த் போய்விடும்.

பண்டாரவளை: பீ.வி.சி. தாங்குமா? தாங்கி மேட்டில், வீட்டுக்கு 40 மீற்றர் மேலே இருக்கிறது.

பதில்: 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்களுக்கு 4 பார். 10 பார் தாங்கும் டைப் 1000 பைப் வாங்குங்கள், வெயில் படாமல் புதையுங்கள். கீசர் லைனுக்கு பீ.வி.சி. வேண்டாம், சுடுதண்ணி தாங்கும் பீ.பீ.ஆர். பைப் போடுங்கள். எர்த்தையும் பாருங்கள்.

ஹட்டன்: காலையில் தண்ணி பழுப்பாக வருகிறதே, ஏன்?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது. கடைசி வரி வரை வாசியுங்கள்.

மஸ்கெலியா: தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வரும் பீலித் தண்ணி லைனை நாங்களே மாற்றலாமா?

பதில்: அது பொது லைன். தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் தொடாதீர்கள்.

பதுளை: எர்த், எர்த் என்கிறீர்கள். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் போதும் என்கிறார் எங்கள் பாஸ்.

பதில்: போதாது தம்பி. எர்த் இருந்தால் கீசரில் கசியும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போகும், ட்ரிப் உடனே விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொடும்வரை ட்ரிப்புக்கு ஒன்றும் தெரியாது. தொட்டவர் உடம்பு வழியாகப் பாய்ந்த பிறகுதான் விழும். ஈரக் கையோடு குளியலறையில் நிற்கும் பிள்ளையை வைத்தா அதைச் சோதிப்பது?

பதுளை: அப்படியென்றால் மண்ணுக்குள் கிடக்கும் பழைய பைப்பை எர்த்துக்கு விட்டுவைக்கலாமே?

பதில்: துருப்பிடித்து எங்கே அறுந்திருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. தனியாக எர்த் கம்பி அடித்து, எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். உங்கள் பாஸிடமும் இதைச் சொல்லுங்கள்.

நுவரெலியா: நாளைக்கு பைப் மாற்ற ஆள் வருகிறார். கீசருக்குக் கீழே பைப்பில் ஒரு செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. கழற்றிவிடலாமா?

பதில்: கை வைக்காதீர்கள் அக்கா. நாளை வேலையை நிறுத்திவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.