சட்டைவா என்றால் என்ன?

கடிதம்:

வணக்கம் ஐயா,

வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அறிவியல் பெயர்களைப் பார்த்தால், நெல்லுக்கு ஒரைசா சட்டைவா, பட்டாணிக்கு பைசம் சட்டைவம், முள்ளங்கிக்கு ரஃபானஸ் சட்டைவஸ். ஒரே சொல் ஏன் மூன்று விதமாக முடிகிறது? 'சத்து' என்பதோடு இதற்கு உறவு உண்டு என்கிறாள் தோழி. சரியா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

சத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். லத்தீனில் 'செரெரே' என்றால் விதைப்பது, நடுவது. அதிலிருந்து 'சத்துஸ்', அதாவது விதைத்த. அதோடு ஒரு விகுதி சேர்ந்து 'சத்தீவுஸ்' ஆனது. பயிரிட்டு வளர்த்தது என்று பொருள். சட்டைவஸ் என்பது ஆங்கிலத்தின் வழியாக நம் வகுப்பறைக்கு வந்த உச்சரிப்பு. காட்டில் தானாக வளர்வதை ரோமானியர்கள் 'சில்வெஸ்த்ரிஸ்' என்றார்கள். நாம் தினமும் சொல்கிற 'சீசன்' கூட இதே விதைப்பு வேரில் முளைத்ததுதான்!

அப்புறம், ஈறு மாறுவது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்கிறோம். தமிழில் 'நல்ல' அப்படியே இருக்கிறது. லத்தீனில் பெயரடை தன் பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறியாக வேண்டும். செடிகொடிகளின் பெயருக்கும் அங்கே பால் உண்டு. ரஃபானஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், பைசம் இரண்டிலும் சேராதது. அதனால்தான் சத்தீவுஸ், சத்தீவா, சத்தீவும். பெயர்ச்சொல்லின் ஈற்றை மட்டும் பார்த்துப் பாலை முடிவு செய்துவிடாதீர்கள். ஓக் மரமான குவெர்கஸ் ஆண்பால் போலத்தான் முடிகிறது, ஆனால் பெண்பால். வெள்ளை ஓக் 'குவெர்கஸ் ஆல்பா'தான், 'ஆல்புஸ்' இல்லை.

வேற்றுமையையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பில் பூண்டுக்கு 'புல்புஸ் அல்லீயீ சத்தீவீ' என்று தலைப்பு. பூண்டினுடைய கிழங்கு என்று பொருள். பூண்டின் பெயரான 'அல்லியம்' 'அல்லீயீ' ஆனதும் 'சத்தீவும்' என்பதும் கூடவே 'சத்தீவீ' ஆகிவிட்டது. நெல்லினுடைய என்றால் 'ஒரைசே சத்தீவே'.

1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் சொல்லை நெல், பட்டாணி, பூண்டு, கொத்தமல்லி, வெள்ளரி என்று வரிசையாகச் சூட்டினார். எல்லாவற்றையும்விட இது கச்சிதமாகப் பொருந்துவது குங்குமப்பூவுக்கு, 'குரோக்கஸ் சட்டைவஸ்'. அந்தச் செடி விதையே வைப்பதில்லை. மண்ணிலிருந்து கிழங்கை எடுத்துப் பிரித்து, ஒருவர் கையால் மறுபடி நட்டால்தான் பெருகும்.

அன்புடன்.