மார்க்குக்கு முன்னால் ஓர் ஊகம்: அறிவியல் கேள்வி பதில்

தண்டையார்பேட்டைப் பக்கம் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

சார், பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மார்க். நாற்பது பிள்ளைகளுக்கு ரெண்டு செட் கருவிதான் இருக்கு. என்ன பண்றது? (ஆசிரியை, வியாசர்பாடி)

கருவிக்காகக் காத்திருக்காதீர்கள் டீச்சர். ஒரு கிலோ ஐஸை நொறுக்கி இரண்டு டம்ளரில் போடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கைப்பிடி கல்லுப்பு. எதில் சூடு குறையும் என்று ஒவ்வொருவரும் முதலில் எழுதட்டும், பேனாவில். "உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் கரையும், அப்ப அதுதான் சூடு" என்று பாதிப் பேர் எழுதுவார்கள். நியாயமான ஊகம். ஆனால் அந்த டம்ளர்தான் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அளவு சரியாக அமைந்தால் −21 டிகிரி வரை. உருகுவதற்கான வெப்பத்தை ஐஸ் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. தோற்றுப்போன ஊகத்தை எந்தப் பிள்ளையும் மறக்காது. (லேப் தெர்மாமீட்டர் பல −10 வரைதான் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

பையன் ஏழாவது படிக்கிறான். ஆன்லைன்ல சயின்ஸ் கிட் வாங்கித் தரலாமா? (ஒரு அம்மா, காசிமேடு)

வேண்டாம்மா. கெண்டை மீன் வாங்கினால் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைக் காட்டுங்கள், மீனை மிதக்க வைப்பது அதுதான். வஞ்சிரத்தில் அதைத் தேடச் சொல்லுங்கள், கிடைக்காது. நீந்துவதை நிறுத்தினால் வஞ்சிரம் என்ன ஆகும் என்று அவனையே யோசிக்க விடுங்கள்.

அமோனியா காற்றைவிட லேசுன்னு பாடத்துல இருக்கு. 2023 டிசம்பர்ல கசிஞ்சப்ப எங்க வீட்டுக்குள்ளயே வந்துச்சே சார்? (பிளஸ் டூ மாணவி, எண்ணூர்)

பாடமும் சரி, உன் மூக்கும் சரி. அமோனியாவின் மூலக்கூறு எடை 17, காற்றின் சராசரி 29. ஆனால் லேசான வாயு நேராக வானத்துக்குப் போய்விடுவதில்லை. காற்றோடு கலந்து, காற்று அடிக்கும் பக்கம் போகும். தவிர, திரவ அமோனியா −33 டிகிரியில் கொதிப்பது. அவ்வளவு குளிரோடு காற்றில் கசிந்தால் ஈரத்தைப் பனிமூட்டமாக்கி, கனத்துப்போய்த் தரையோடு தவழும். கண் எரிந்தது, அமோனியா கண்ணீரில் கரைந்து காரக் கரைசலானதால். ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வதும் அது தண்ணீரில் அப்படிக் கரைவதால்தான். அந்த ஜனவரியில் பள்ளி திறந்தபோது உங்கள் வகுப்பில் யாராவது இதைப் பற்றிப் பேசினார்களா? வேதியியலை அதைவிட நன்றாக ஆரம்பிக்க வேறு நாள் கிடையாது.

பி.எஸ்சி. லேப்ல ஊசலை ஆட்டிக் கண்டுபிடிக்கிற ஜி மதிப்பு, அதான் புவியீர்ப்பு முடுக்கம், 9.81 வரலைன்னா ரிப்பீட். எல்லாரும் விடையிலிருந்து பின்னாடி வந்து ரீடிங் எழுதுறோம். (மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை)

நானும் அப்படி எழுதியவன்தான், தம்பி. வேடிக்கை என்னவென்றால், சென்னையில் ஜி சுமார் 9.78; 9.81 என்பது லண்டன் பக்கத்துக் கணக்கு! ஒரு மீட்டர் ஊசல் இருபது முறை ஆட சுமார் 40 விநாடி ஆகும். ஸ்டாப் வாட்ச்சை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினாலே ஜி மதிப்பில் 0.1 ஏறும், இறங்கும். ஆக 9.7 வந்தாலும் 9.87 வந்தாலும் நேர்மையான விடைதான். அச்சடித்த மாதிரி 9.81 கொண்டுவருபவன் மீதுதான் எனக்குச் சந்தேகம். பிசகு எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று எழுதுபவனுக்குத்தான் மார்க் போக வேண்டும். இந்தக் கணக்கை ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள். ரிப்பீட் போட்டாலும் பரவாயில்லை, ரீடிங்கை மட்டும் திருத்தாதீர்கள்.