அம்மாவோட கண்ணுல வெள்ளைத் தடிப்பு: பதில்
தம்பி, கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு கருவிழி ஓரத்துல வெள்ளையா தடிச்சு வருது, தோட்டத்து டிஸ்பென்சரில சதை வளர்ச்சின்னு சொட்டு மருந்து குடுத்தாங்கன்னு எழுதியிருந்தீங்க. இருக்கலாம், ஆனா சதை வளர்ச்சி வழக்கமா மூக்குப் பக்கமிருந்து முக்கோணமா வரும். ஜெலி மாதிரி மேடா, மேல வெள்ளைப் படலம், அதுக்குன்னே தடிச்ச ரத்தக்குழாய் ஓடுறது, இதெல்லாம் இருந்தா புற்றுநோய்க் கட்டியான்னு பாத்தே ஆகணும், வெயில்ல வேலை செய்றவங்களுக்கு ரெண்டுமே வரும். இந்தக் கிழமையே நுவரெலியா ஆஸ்பத்திரி கண் கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க, ஸ்லிட் லாம்ப்ல (கண்ணைப் பெருசாக்கிக் காட்டுற கருவி) பாத்துட்டு தேவைன்னா கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவாங்க. கண்ணோட அடுக்குகளைப் படமா காட்டுற ஓசிடி ஸ்கேன்ல, சாதாரணமா இருக்கிற மேல்படலம் ஒரு இடத்துல சட்டுன்னு தடிப்பா மாறித் தெரிஞ்சா சந்தேகம் கூடும், ஆனா உறுதியா சொல்றது பயொப்சிதான், அதாவது சதைத் துண்டு எடுத்து லேப்ல சோதிக்கிறது. சதை வளர்ச்சின்னே நெனச்சு வெட்டினாலும் அந்தத் துண்டை லேபுக்கு அனுப்பச் சொல்லி கட்டாயம் கேளுங்க தம்பி.